கத்தரிக்காயைத் தடுத்தோம், எண்ணெயில் இரண்டு எழுத்து கேட்டுத் தோற்றோம்

மதுரைக்காரனான எனக்குப் பருத்திப்பால் ஒரு பலவீனம். பருத்திக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து ஊற்றிக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, மேலே கொஞ்சம் தேங்காய்த்துருவல் தூவிக் கொடுப்பார்கள். நான் வழக்கமாகக் குடிக்கும் வண்டிக்கார அண்ணனிடம் ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"கொட்டை எங்கண்ணே வாங்குறீங்க?"

"தீவனக் கடையிலதான் தம்பி, ஏன்?"

"அது பி.டி. பருத்தியா, பழைய பருத்தியா?"

அவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். "பருத்தின்னா பருத்திதான் தம்பி. அதுல என்ன ஜாதி பாக்குறது."

அவர் சொன்னதில் தப்பில்லை, அவருக்குத் தெரிய வழியும் இல்லை. காய்ப்புழுவை எதிர்ப்பதற்காக ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய பருத்திதான் பி.டி. பருத்தி. இந்தியாவில் அதற்கு 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள், இன்றைக்குப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். அப்படியென்றால் என் டம்ளரில் இருப்பதும் அநேகமாக அதுதான். ஆனால் அரசாங்கக் கணக்குப்படி இந்தியாவில் மரபணு மாற்று உணவுப் பயிர் எதுவும் வணிக ரீதியாக விளைவதில்லை. பருத்தி உணவு இல்லையாம், துணியாம். நாட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்திக்கொட்டை எண்ணெய் எடுக்கிறார்கள். குஜராத்தில் பலகாரமே அதில்தான் சுடுகிறார்கள். வனஸ்பதியிலும் அது போகிறது, எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இருபது வருஷத்துக்கு மேலாக நுகர்வோர் அமைப்புகளும் விவசாயிகளும் சில பிடிவாதக்கார தனிமனிதர்களும் தில்லியில் கதவு தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெரிய சண்டையில் ஜெயித்தார்கள், அது பி.டி. கத்தரிக்காய். இன்னொன்று, பாக்கெட்டில் "இதில் மரபணு மாற்றிய பொருள் இருக்கிறது" என்று எழுதவைப்பது. அது கேட்பதற்கு எவ்வளவோ சின்ன விஷயம், அதில் ஜெயிக்க முடியவில்லை. அதே ஆட்கள், ஏறக்குறைய அதே காலம். ஒன்று கிடைத்து மற்றது ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புயலுக்குப் பின்னால் வந்த மாவு

கதையைக் கத்தரிக்காயில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனக்கு 1999 அக்டோபர் கடைசியில் ஒடிசாவை அடித்துப்போட்ட பெரும்புயலில் ஆரம்பிக்கத் தோன்றுகிறது. நிவாரணமாக அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு வந்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர் வந்தனா சிவாவின் ஆய்வு அமைப்பு அந்த மாவில் சாம்பிள் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, அதில் மரபணு மாற்றிய தானியம் இருக்கிறது என்று 2000 இல் வெளியே சொன்னது. பசித்தவன் கையில் இருப்பதைப் பிடுங்குகிறார்களே என்று அப்போதே திட்டினவர்களும் உண்டு. அந்தத் திட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 இல் வந்த விதிகளின்படி மரபணு மாற்றிய பொருள் கலந்த உணவை அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யவே கூடாது. அனுமதி கொடுக்க வேண்டிய, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் குழுவின் பெயர் ஜி.இ.ஏ.சி. யாரும் அந்தக் கதவைத் தட்டவே இல்லை என்பது அந்தச் சோதனைக்கு அப்புறம்தான் வெளியே தெரிந்தது.

அடுத்த முறை அமெரிக்க உதவி நிறுவனங்கள் அதே வகை மாவைக் கொண்டுவரக் கேட்டபோது, 2002 கடைசியில், ஜி.இ.ஏ.சி. ஒரு சான்றிதழ் கேட்டது. அமெரிக்காவில் மாட்டுத்தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளம் மனிதர் சாப்பிடும் பண்டத்தில் கலந்து அங்கேயே பெரிய ரகளையாகி ஓய்ந்திருந்த நேரம் அது. இந்தச் சரக்கில் அது இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத்து வரவில்லை, சரக்கும் வரவில்லை. இந்தச் சான்றிதழ் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 18 வருஷம் கழித்து மறுபடியும் வரும்.

இதே சமயத்தில் பக்கத்தில் இலங்கையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மரபணு மாற்று உணவு இறக்குமதிக்கு 2001 மே 1 முதல் தடை என்று அங்கே அறிவித்தார்கள். உலக வர்த்தக அமைப்பின் பெயரைச் சொல்லி அமெரிக்கா நெருக்கியது. தடை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது, அப்புறம் காலவரையறை இல்லாமல் நின்றுபோனது. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது இறக்குமதிக் கட்டுப்பாடும் லேபிளும்தான். சின்ன நாடு தடை கேட்டு லேபிளில் வந்து நின்றது. பெரிய நாடான நமக்கு நடந்தது தலைகீழ்.

ஏழு ஊர், எட்டாயிரம் பேர்

பி.டி. கத்தரியை உருவாக்கியது மஹிகோ என்ற விதை நிறுவனம். ஆனால் அதில் நம் கோவைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசின் உதவித் திட்டம் ஒன்றின் வழியாக அந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கோ 2, எம்.டி.யூ. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்று நம் ஊர் ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றினார்கள். எம்.டி.யூ. என்றால் மதுரை, கே.கே.எம். என்றால் கிள்ளிகுளம், பி.எல்.ஆர். என்றால் பாலூர். ஆக, பன்னாட்டுக் கம்பெனி ஒரு பக்கம், விவசாயி ஒரு பக்கம் என்று சுவரொட்டி போடுகிற மாதிரி எளிதாகப் பிரிக்க முடியாத விஷயம் இது.

எதிர்ப்பும் இங்கே புதிதில்லை. 2006 நவம்பரில் கோவை அருகே பி.டி. நெல் சோதனை வயலில் விவசாயிகள் இறங்கிப் பயிரைப் பிடுங்கிப் போட்டார்கள். இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த காலம். தில்லியில் மரபணு மாற்றற்ற இந்தியாவுக்கான கூட்டமைப்பு என்ற பெயரில் பல மாநில அமைப்புகள் சேர்ந்து வேலை செய்தன. மரபணு மாற்றுப் பயிர்களுக்கு எதிராக அருணா ரோட்ரிக்ஸ் என்ற ஆர்வலர் 2005 இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு நடந்துகொண்டிருந்தது.

2009 அக்டோபர் 14 அன்று ஜி.இ.ஏ.சி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. இங்கேதான் அதிர்ஷ்டமா சாமர்த்தியமா என்று தெரியாத ஒன்று நடந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடாமல், ஊரைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன் என்றார். 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் என்று ஏழு இடங்களில் கூட்டம், மொத்தம் சுமார் 8,000 பேர். சென்னை பட்டியலில் இல்லை, கோவையும் இல்லை, ரகம் மட்டும் எங்களுடையது! விஞ்ஞானி, விவசாயி, டாக்டர், கம்பெனிக்காரர், கத்தரிக்காய் மாலை போட்டு வந்தவர் என்று எல்லாரும் ஒரே மண்டபத்தில் கத்தினார்கள். கருத்து அனுப்பிய மாநில அரசுகளும் வேண்டாம் அல்லது பொறுங்கள் என்றே எழுதின. பிப்ரவரி 9 அன்று அமைச்சர் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைத்தார். அந்த நிறுத்தம் அப்படியே இருக்கிறது. அதே கத்தரியைப் பக்கத்து வங்கதேசம் 2013 இல் அனுமதித்தது. 2019 இல் ஹரியானாவில் அனுமதியில்லாமல் விளைந்த பி.டி. கத்தரி பிடிபட்டது. அதெல்லாம் வேறு கதை.

அந்த வெற்றிக்குப் பின்னால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு பொருள், எல்லா வீட்டிலும் தெரிந்த காய், ஒரே ஒரு அமைச்சரின் ஒரே ஒரு கையெழுத்து, அதை நிறுத்தினால் போதும். நிறுத்துவதற்கு ஆய்வகம் வேண்டாம், இன்ஸ்பெக்டர் வேண்டாம், நாளைக்குக் காலையில் யாரும் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ரோஷம் வரும் ரகங்களும் இருந்தன. பெங்களூர்க்காரருக்கு உடுப்பி மட்டி குள்ளா, நமக்கு வேலூர் முள்ளுக்கத்தரி. எண்ணெய் பாக்கெட்டுக்கு எந்த ஊரில் ரோஷம் வரும்?

தராசு இலாகா கொண்டுவந்த விதி

சரி, லேபிள் கதைக்கு வருவோம். 2006 மார்ச்சில் சுகாதார அமைச்சகம் பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளைத் திருத்தி மரபணு மாற்று உணவுக்கு லேபிள் கட்டாயம் என்று ஒரு வரைவு போட்டது. அது வரைவாகவே செத்தது. அதே வருஷம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வந்தது. அதன் 22 ஆம் பிரிவு, விதிமுறை வகுக்காமல் யாரும் மரபணு மாற்று உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. பிரிவு பிரமாதம். அதற்கான விதிமுறை மட்டும் வரவில்லை.

இடையில் 2007 இல் இரண்டு விஷயம் நடந்தது. களைக்கொல்லி தெளித்தாலும் சாகாதபடி மரபணு மாற்றிய ரவுண்டப் ரெடி என்ற சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய ஜி.இ.ஏ.சி. அனுமதித்தது. நமக்கு வரும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது, அர்ஜென்டினாவில் விளையும் சோயா ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்றியதுதான் என்பதால் இது சின்ன அனுமதி இல்லை. இரண்டாவது, சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆகஸ்டில், இறுதிப் பொருளில் உயிருள்ள மரபணு மாற்று உயிரி இல்லாத பதப்படுத்திய உணவுக்கு இனி எங்கள் அனுமதி வேண்டாம், அது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வேலை என்று ஓர் அறிவிப்பு போட்டது. ஆணையமோ தயாராக இல்லை. அதனால் அறிவிப்பை நிறுத்தி வைப்பது, நிறுத்தத்தை நீட்டிப்பது, திரும்ப நீட்டிப்பது என்று வருஷக்கணக்கில் இழுத்தார்கள். மனு எழுதிக்கொண்டு போகிறவரை இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்கு அனுப்பும், அது இங்கே திருப்பி அனுப்பும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போனவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்.

இந்தக் குழப்பத்தில் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து விதி வந்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2012 ஜூனில் சட்டமுறை எடையளவு விதிகளைத் திருத்தி, மரபணு மாற்று உணவு உள்ள ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் மேற்பக்கம் 'ஜி.எம்.' (மரபணு மாற்றியது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட வேண்டும் என்றது. 2013 ஜனவரி 1 முதல் அமல். பிரசாரம் செய்தவர்கள் பலர் இதைக் கொண்டாடினார்கள். கடல் கடந்து இது உறுத்தவும் செய்தது. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் போடும் வர்த்தகத் தடைகள் பட்டியலில் இதுவும் ஏறியது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை பார்க்கிறவர்கள், பாக்கெட்டில் எம்.ஆர்.பி. இருக்கிறதா, எடை சரியா என்று பார்க்கிறவர்கள். அவர்கள் கையில் சோயா எண்ணெயைக் கொடுத்து இதன் மரபணு என்ன என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? எவ்வளவு கலந்திருந்தால் எழுத வேண்டும் என்ற அளவே அந்த விதியில் இல்லை. எப்படிச் சோதிப்பது என்றும் இல்லை. சுத்திகரித்த எண்ணெய் இன்னும் சிக்கல், ஏனென்றால் சூடாக்கி வெளுத்து வடிகட்டிய பிறகு மிஞ்சும் டி.என்.ஏ. துணுக்கு ரொம்பக் கொஞ்சம், அதைப் பிடிக்க நல்ல கருவியும் பொறுமையும் வேண்டும்.

விதி வந்த பிறகு நான் எங்கள் தெரு மளிகைக் கடையில் நின்று சோயா எண்ணெய் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கொலஸ்ட்ரால் இல்லை என்று பெரிய எழுத்தில் இருக்கும், இதயத்துக்குள் ஒரு டிக் இருக்கும், விட்டமின் ஏ, டி சேர்த்தது என்று இருக்கும். கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் கிடையாது, அதைச் சொல்ல இடம் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்துக்கு இடம் இல்லை. நான் பார்த்த ஒரு பாக்கெட்டிலும் அதைப் பார்த்ததில்லை.

நாங்களே சோதிக்கிறோம் என்று இறங்கியவர்கள்

2018 ஜூலையில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் செய்ததுதான் இந்த மொத்த வரலாற்றிலும் எனக்குப் பிடித்த வேலை. கோஷம் போடாமல், கடையில் போய் 65 உணவுப் பொருள்களை வாங்கி, தங்கள் ஆய்வகத்திலேயே சோதித்தார்கள். 21 இல் மரபணு மாற்றுப் பொருள் இருந்தது, அதாவது மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 21 இல் 16 இறக்குமதிச் சரக்கு. மிச்சமிருந்த உள்ளூர்ச் சரக்கில் வந்தது என்ன தெரியுமா? பருத்திக்கொட்டை எண்ணெய். குழந்தைகளுக்கான உணவிலும் இருந்தது, அதுவும் ஒவ்வாமை மாதிரிப் பிரச்சினை உள்ள கைக்குழந்தைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் வகை. பெரும்பாலானவற்றில் லேபிளில் ஒரு வார்த்தை இல்லை, சிலவற்றில் மரபணு மாற்று இல்லை என்றே அச்சிட்டிருந்தார்கள்.

இங்கே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து கேட்பீர்கள். மரபணு மாற்று உணவு விஷம் என்று நம்புகிறவன் இல்லை நான். சந்தையில் இருக்கும், சோதனை முடிந்த ரகங்கள் உடம்புக்குக் கெடுதல் செய்ய வாய்ப்பில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை நான் ஏற்கிறேன். ஆனால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி வைக்கிறோமே, அது சைவம் என்று சொல்லத்தானே, மாமிசம் விஷம் என்பதற்காகவா? எனக்குத் தெரிந்து நான் முடிவெடுக்கிறேன் என்று ஒருவர் கேட்டால் அதற்கு விஞ்ஞானக் காரணம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. என் அம்மாவுக்குச் செக்கு எண்ணெய்தான் வேண்டும், அதற்கு அவர் எந்த ஆய்வுக் கட்டுரையும் காட்டியதில்லை.

வரைவுக்கு மேல் வரைவு

2018 இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட லேபிள் வரைவில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எழுத வேண்டும் என்று இருந்தது. ஐரோப்பாவில் இந்த அளவு 0.9 சதவீதம். அமைப்புகள் கொதித்தன. 2021 நவம்பரில் தனி விதிமுறை வரைவு வந்தது, அளவு 1 சதவீதமாகக் குறைந்தது, குழந்தை உணவில் கூடவே கூடாது என்றும் இருந்தது. 2022 நவம்பரில் அதைத் திருத்தி இன்னொரு வரைவு.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. லேபிள் கேட்டுப் போராடியவர்களே இந்த வரைவுகளை எதிர்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை: விதிமுறை இல்லாத வரை 22 ஆம் பிரிவின்படி எல்லாமே சட்டவிரோதம். விதிமுறை வந்துவிட்டால் அனுமதி கொடுக்கவும் வழி பிறந்துவிடும், அதாவது லேபிள் என்ற பெயரில் பின்வாசல் திறக்கிறது. ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் போனது, தமிழிலும் மற்ற மொழிகளிலும் வரைவைக் கொடு என்ற கோரிக்கை போனது, கருத்துச் சொல்லும் காலக்கெடுவும் நீண்டது.

எனக்கு இந்த இடத்தில்தான் மனம் ஒப்பவில்லை. காகிதத்தில் எல்லாம் தடையாக இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தால், கடையில் எல்லாம் லேபிள் இல்லாமல் விற்றுக்கொண்டிருக்கும். கத்தரிக்காயில் "வேண்டாம்" என்ற ஒரே சொல் வேலை செய்தது. எண்ணெய் ஏற்கனவே வாணலியில் இருக்கிறது, அதனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, "எவ்வளவு, எப்படி, யார் பார்ப்பது" என்று பேரம் பேசியாக வேண்டும். பேரம் பேசினால் கொள்கை போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை, அரசாங்கம் அவர்களை ஏமாற்றிய வரலாறு அப்படி. ஆனால் விளைவு இதுதான்: ஜெயிப்பது என்றால் தடுப்பது என்றே பழகிப்போனவர்கள், தடுக்க முடியாத பொருளில் அரைகுறையாகக் கிடைக்க இருந்ததையும் விட்டுவிட்டார்கள். கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், தாமதம் ஒன்றுக்குத்தான் அவர்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் லேபிள்காரர்கள் இதற்கு நேர் எதிர் வழியில் போனார்கள். தடை என்ற பேச்சே இல்லை, எழுது என்றுதான் கேட்டார்கள். கலிபோர்னியாவில் 2012 இல் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்று, ஒரேகானில் 2014 இல் 837 ஓட்டில் தோற்று, அதே வருஷம் வெர்மான்ட் என்ற குட்டி மாநிலத்தில் சட்டம் வாங்கினார்கள். அது 2016 ஜூலை 1 இல் அமலுக்கு வரும் முன்பே, ஒரு மாநிலத்துக்கு ஒரு பாக்கெட் அச்சிட முடியாது என்று கம்பெனிகளே தேசியச் சட்டம் கேட்டு ஓடின. செனட்டில் அது ஓட்டுக்கு வந்தபோது மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து டாலர் நோட்டுகளைக் கீழே பறக்கவிட்டார்கள், விலைபோய்விட்டீர்கள் என்று. வந்த சட்டம் மாநிலச் சட்டத்தை விழுங்கியது. மரபணு மாற்று என்பதற்குப் பதில் யாருக்கும் பழக்கமில்லாத 'பயோஎன்ஜினியர்டு' என்ற சொல்லும், க்யூ.ஆர். கோடும் வந்தன. மாற்றிய மரபணுப் பொருள் கண்டுபிடிக்கும் அளவில் இல்லாத சுத்திகரித்த எண்ணெய்க்கு 2018 கடைசியில் வந்த விதி விலக்கும் கொடுத்தது. அங்கேயும் எண்ணெய் நழுவிவிட்டது, பாருங்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு முகம்

2020 ஆகஸ்ட் 21 அன்று நம் ஆணையம் திடீரென்று ஓர் உத்தரவு போட்டது. அரிசி, மக்காச்சோளம், சோயா, ஆப்பிள், தக்காளி, உருளை, பப்பாளி என்று 24 பயிர்களுக்கு, இறக்குமதி செய்யும் ஒவ்வொரு சரக்கோடும் இது மரபணு மாற்றியதில்லை என்று அந்த நாட்டு அரசின் சான்றிதழ் வர வேண்டும், தற்செயலாகக் கலந்தால் 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 2002 இல் மாவுக்குக் கேட்ட அதே சான்றிதழ்தான், இப்போது பெரிய அளவில். ஏற்றுமதி நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் கேள்வி எழுப்பின, உத்தரவு ஜனவரியிலிருந்து 2021 மார்ச் 1 க்குத் தள்ளிப்போய் அமலானது. மக்கள் கேட்டது கிடைத்த மாதிரித் தெரிந்தது.

அந்த மார்ச்சிலிருந்து ஐந்து மாதம். சோயாப் புண்ணாக்கு விலை ஒரேயடியாக ஏறி கிலோ 100 ரூபாயை நெருங்கியது. நாமக்கல் பக்கம் போனால் தெரியும், கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவனம்தான் செலவே. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் இல்லாமல் முட்டை இல்லை. நாடு முழுக்க கோழித் துறை தில்லியை நெருக்கியது. 2021 ஆகஸ்ட் 24 அன்று 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி. அரைத்து எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் உயிருள்ள விதை இல்லை, அதனால் ஆட்சேபம் இல்லை என்றது சுற்றுச்சூழல் அமைச்சகம். கொடுத்த கெடுவுக்குள் முழுதும் வந்து சேராமல், 2022 மே மாதம் மிச்சம் 5.5 லட்சம் டன்னுக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள்.

கூட்டமைப்பு கடிதம் எழுதியது. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர சோயா விவசாயிகளும் விலை விழுமே என்று கத்தினார்கள். கத்தரிக்காய்க்கு ஏழு ஊரில் கூட்டம் போட்ட நாடு இதற்கு ஒரு ஊரில்கூடப் போடவில்லை. கோழி தின்றதை முட்டை ஓட்டில் எழுதச் சொல்லும் விதி நம்மிடம் எந்த வரைவிலும் கிடையாது. கோழிப்பண்ணைக்காரரைக் கெட்டவராக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் உறவில் ஒருவர் அந்த வருஷம் கோழிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினார். அவரிடம் போய் மாமா, மரபணு என்று பேச முடியுமா?

அதே 2021 இல் எதிர்ப்பக்கம் ஒன்று. இந்தியாவிலிருந்து போன 500 டன் குருணை அரிசியில் அனுமதியில்லாத மரபணு மாற்று நெல் இருப்பதாக ஐரோப்பாவில் எச்சரிக்கை வந்தது. அந்த அரிசி மாவு கலந்த சாக்லேட் மிட்டாய்களைக் கடையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். நாங்கள் அப்படி நெல்லே பயிரிடுவதில்லை, கலப்பு அங்கே நடந்திருக்கும் என்றது நம் அரசு. யார் சொல்வது சரியோ, அங்கே ஒரு மிட்டாய்க்குள் இருந்த மாவைத் துருவிப் பார்க்க ஆளும் கருவியும் விதியும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

2024 ஜூலை 23 அன்று மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நாகரத்னாவும் நீதிபதி சஞ்சய் கரோலும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். எல்லாப் பத்திரிகையும் கடுகைப் பற்றியே எழுதின. ஆனால் இருவரும் ஒத்துப்போன இடத்தில் ஒரு வரி உண்டு: மரபணு மாற்று உணவு, குறிப்பாகச் சமையல் எண்ணெய் இறக்குமதியில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவைப் பின்பற்ற வேண்டும். 23 ஆம் பிரிவு என்பது பாக்கெட்டும் லேபிளும். அருணா ரோட்ரிக்ஸ் வழக்குப் போட்டு 19 வருஷம் கழித்து வந்த வரி.

2025 இல் அமெரிக்க வர்த்தகப் பேச்சில் மக்காச்சோளமும் சோயாவும் முள்ளாக நின்றன. 140 கோடி பேர் இருக்கிறீர்களே, எங்கள் சோளத்தை ஒரு மரக்காலாவது வாங்கக்கூடாதா என்கிற பாணியில் அவர்கள் வர்த்தக அமைச்சர் லுட்னிக் கேட்டார். நம் நிதி ஆயோக்கே சோயா எண்ணெய்க்கும் எத்தனால் செய்ய மக்காச்சோளத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்று ஓர் ஆய்வுத்தாள் போட்டு, விவசாய அமைப்புகள் பிடித்துக்கொண்டதும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தடுக்கும் வேலையில் நம் ஆட்களுக்கு இன்னும் கை நன்றாகவே ஓடுகிறது.

கடைசியாக ஒரு போன்

இதையெல்லாம் படித்துக் குடைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வீட்டில் இருந்த சோயா எண்ணெய் பாக்கெட்டின் பின்னால் இருந்த நுகர்வோர் எண்ணுக்குப் போன் போட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், யாருக்குப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ஒரு பெண் எடுத்தார், நல்ல தமிழ், நல்ல பொறுமை.

"இந்த எண்ணெய் மரபணு மாற்றிய சோயாவில் எடுத்ததா என்று தெரியணும்மா."

"சார், எண்ணெயில வாடை ஏதாவது வருதா?"

"இல்லம்மா."

"பாக்கெட் லீக்கேஜா?"

"இல்ல."

"எக்ஸ்பயரி டேட் முடிஞ்சதா சார்?"

"எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. சோயா எங்கேருந்து வந்தது, என்ன ரகம்னு மட்டும் தெரியணும்."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "சார், கம்ப்ளெய்ன்ட் பதிவு பண்ணணும்னா எனக்கு இங்க நாலு கேட்டகிரிதான் இருக்கு. இது எதுலயும் வரலை. 'வாடை'ன்னு போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கோங்கம்மா என்றேன். ரெண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்து பழைய பாக்கெட்டை வாங்கிக்கொண்டு புது பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனான்.